பழைய சிறு லாரியும் இக்காலச் சட்டமும்

பசுமலையின் அடிவாரத்தில், மதுரையினின்று திருமங்கலம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரமாக மாலை வேளையில் அரை நாழிகை நின்று பார்ப்போமாயின், இக்காலத்து மோட்டார் வண்டிகளின் வகையனைத்தும் நம் கண்முன் கடந்து சென்றுவிடும். அவற்றுள் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளே மிகுதி. ஆனால் அவற்றிற்கெல்லாம் பாட்டனார் முறையிலுள்ள வண்டியை, அதாவது உருண்டு திரண்ட முகப்பும், நடுவில் கம்பியிட்ட இருதுண்டு முன்கண்ணாடியும், மரப்பலகைத் தளமும் உடைய பழைய செவர்லே சிறு லாரியை, அவ்வழியில் காண்டல் அரிதிலும் அரிது. ஒருகால் வருமாயின் எல்லோரும் திரும்பிப் பார்ப்பர். போலீஸ்காரரும் திரும்பிப் பார்ப்பர். ஏனையோர் பார்ப்பது அதன் அழகை. அவர் பார்ப்பது அதற்குத் தஸ்தாவேஜு உண்டா என்பதை.

இவ்விரு பார்வைகளுக்கும் ஒருங்கே விடை கூறக்கூடிய வண்டியை ஆயத்தம் செய்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். சட்டத்திற்கு இணங்கவேண்டும் என்று எண்ணி எல்லாவற்றையும் புதுப்பித்தால், எஞ்சுவது பழைய வண்டியின் வேடமணிந்த புதிய வண்டியே. பழமையைக் காக்கவேண்டும் என்று எதையும் தொடாது விட்டாலோ, அது கொட்டகையிலேயே துருப்பிடித்து, முடிவில் பழைய இரும்புக் கடைக்கு நிறைகணக்கில் போய்ச் சேரும். நம் ஜில்லாவில் இரண்டாவது முடிவே பெரும்பாலும் நேர்ந்திருக்கிறது. பழைய கார்களைப் போற்றுவோர் பலருளர். உழைத்த லாரியைப் போற்றுவோர் சிலரே.

இவ்வண்டிகள் நம் பக்கத்திற்கு வந்த வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928-ஆம் ஆண்டில் பம்பாயைச் சார்ந்த சிவ்ரி என்னுமிடத்தில் ஒரு தொழிற்சாலை நிறுவிப் பெட்டிகளில் வந்திறங்கிய உறுப்புக்களைப் பூட்டிச் செவர்லே வண்டிகளாக வெளியிட்டனர். 1954-ல் அதனை மூடிச் சென்றனர். தென்னாட்டில் அவர்தம் வண்டிகளை விற்றும் பழுது பார்த்தும் வந்தவர், டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கி மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்த்த நிறுவனத்தினர். லாரிகளுட் பல, இயந்திரமும் சேஸிஸும் முகப்பும் மட்டுமே உடையனவாய் விற்கப்பட்டன. பின்னுடலையும், சிலபோது ஓட்டுநர் அறையையுங்கூட, நம்மூர்த் தச்சரும் கருமாருமே கட்டினர். ஆகவே, ‘ஆதி வடிவம்’ என்னும் சொல்லை நாம் வழங்குமுன் எந்த ஆதி என்று கேட்டுக்கொள்ளவேண்டும். அமெரிக்கப் படப்புத்தகத்திலுள்ள இரும்புத் தொட்டி ஓர் ஆதி. மதுரைப் பட்டறையில் தேக்குச் சட்டமிட்டுக் கட்டிய உடல் மற்றோர் ஆதி. முதல் விற்பனையின்போதே கட்டப்பட்டதாயின், பின்னதைப் பிரித்தெறிந்துவிட்டு வெளிநாட்டிலிருந்து தகட்டுடல் தருவிப்பது புனருத்தாரணம் ஆகாது என்பதே நமது அபிப்பிராயம்.

பேச்சிற்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மாணவரின் பாட்டனார் தோட்டத்தில் 1950-ஆம் ஆண்டைச் சார்ந்த அரை டன் செவர்லே ஒன்று நிற்கிறது என வைத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 216 கன அங்குல இயந்திரம், ஆறு வோல்ட் மின்சாரம், ஒரே பின்விளக்கு. அவர் முதற்கண் தொடவேண்டியது திருப்புளியை அன்று, ஆர்.சி. புத்தகத்தை.

அப்புத்தகத்தில் இவ்வண்டி எவ்வகையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே மற்றெல்லாம் அமையும். 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் சரக்கு வண்டிக்காரர்க்கு ‘பப்ளிக் காரியர்’, ‘பிரைவேட் காரியர்’ என இருவகைப் பெர்மிட்டுகள் இருந்தன. கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றுவோர் முன்னவர். தம் தோட்டத்து விளைச்சலையோ கடைச் சரக்கையோ ஏற்றுவோர் பின்னவர். முதியோர் பலர் ‘பிரைவேட்’ என்ற சொல்லைக் கண்டதும் அது சொந்தக் காரைப் போன்ற பதிவு என மயங்கிவிடுகின்றனர். அன்று, அதுவும் சரக்கு வண்டியே. அச்சட்டத்தின் இடத்தில் வந்த 1988-ஆம் வருஷத்துச் சட்டம் 1989 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சரக்கு ஏற்றுவதற்கென்றே அமைந்த வண்டி எதுவும் ‘டிரான்ஸ்போர்ட்’ வகையைச் சார்ந்ததாகும். முழுப்பாரத்துடன் 3,000 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை என்ற சலுகை உண்டு. நமது அரை டன் லாரி அதற்குள் அடங்கும். ஆயினும் தகுதிச் சான்று, அதாவது எல்லோரும் எப்.சி. என்று கூறுவது, அதற்கு இன்றியமையாதது. வயது முதிர்ந்த வண்டியாதலால் ஆண்டுதோறும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் அதை நிறுத்தவேண்டும்.

மற்றொரு வழியும் இப்போது திறந்திருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளில் சில புதிய விதிகளைச் சேர்த்து, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ எனத் தனிப் பதிவு அளித்தனர். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். முன்னரே பதிவெண் உள்ள வண்டி அவ்வெண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக எண் பெறுவது மாநில எழுத்துக்களை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துக்களைத் தாங்கும். வண்டி ஆதி வடிவத்தில் இருத்தல் வேண்டும்; சேஸிஸ், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாறுதல் செய்திருத்தல் கூடாது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் இவ்விதிகள் சொந்த உபயோகத்திற்குரிய, வியாபாரத்திற்கல்லாத இருசக்கர நாற்சக்கர வண்டிகளுக்கே உரியன. நம் லாரியோ பிறப்பிலேயே பாரம் சுமக்கப் பிறந்தது. அதன் புத்தகத்தில் சரக்கு வண்டி என்றிருக்குமாயின் இந்த வாயில் எளிதில் திறவாது. பணக்காரர் வீட்டுக் காருக்கு அகலமாக அமைந்த வாயில் உழவர் வீட்டு லாரிக்குக் குறுகியதாகி விட்டதைச் சட்டம் வகுத்தோர் கருதிச் செய்தனர் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் விளைவு அதுவே.

விண்டேஜ் பதிவு கிடைத்தாலும் அதற்கு எல்லை உண்டு. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், ஆராய்ச்சி, எண்ணெய் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றின் பொருட்டே அவ்வண்டி சாலையில் ஓடலாம். ஒரு மூட்டை நெல்லைத் தோட்டத்திலிருந்து வீட்டிற்குக் கொண்டு வருதல் அவற்றுள் அடங்காது. பிறநாடுகளில் இவ்வளவு நெருக்கம் இல்லை. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து ஆதி நிலையில் உள்ள வண்டிக்கு எண்ணின் இறுதியில் ‘எச்’ என்ற எழுத்தைத் தருகின்றனர். இங்கிலாந்தில் 2018 முதல் 40 ஆண்டு கடந்து, பெருமாறுதல் அடையாத வண்டிகளுக்கு வருஷப் பரீட்சையே இல்லை. அங்கெல்லாம் அத்தகைய வண்டியில் கடைக்குச் சென்று வரலாம். எனவே, புத்தகம் சொந்த வண்டி என்று கூறினால் விண்டேஜ் பதிவையும், சரக்கு வண்டி என்று கூறினால் வருஷந்தோறும் எப்.சி. எடுத்து உழைக்கும் வண்டியாகவே வைத்திருத்தலையும் மேற்கொள்க என்பது நம் யோசனை. பின்னதில் அலைச்சலும் பசுமை வரியும் உண்டு. ஆனால் மூட்டை ஏற்றலாம்.

புத்தகமே காணாமற்போயிருந்தால்? போலீஸ் நிலையத்தில் அறிவித்துச் சான்று பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நகல் கேட்கவேண்டும். மதுரையில் இப்போது தெற்கு, வடக்கு, மத்தி என அலுவலகங்கள் பிரிந்துள்ளன. பழைய பேரேடு எதில் உள்ளது என்று தேடுவதே சில நாள் வேலை. அத்தேடலுக்குக் கைகொடுப்பவை சேஸிஸ் எண்ணும் இயந்திர எண்ணுமே. மெல்லிய தாளை எண்ணின்மீது வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. துருவை அகற்றுவதாக எண்ணிச் சாணைச் சக்கரத்தை அவ்விடத்தில் வைத்துவிட்டால் வண்டியின் பெயரையே அழித்தவராவோம். மண்ணெண்ணெயும் துணியும் பொறுமையுமே அங்குப் போதும். இரண்டு எண்ணுள் ஒன்றேனும் புத்தகத்தோடு ஒவ்வாத வண்டியை, எவ்வளவு மலிவாயினும், விலைக்கு வாங்கலாகாது.

இனி இயந்திரம். ஒவ்வாமை பெரும்பாலும் இங்கேதான் தோன்றும். பெட்ரோல் குடிக்கும் அமெரிக்க லாரிகளை வைத்துக் கட்டுப்படியாகாத உடைமையாளர் பலர், சென்னைச் சிம்ப்ஸன் கம்பெனியார் செய்த பெர்க்கின்ஸ் டீசல் இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டனர். அதற்கும் முன், இரண்டாவது மகாயுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, அடுப்புக்கரியிலிருந்து வாயு எடுக்கும் உருளைக் கலத்தை வண்டியின் பின்புறத்தில் மாட்டி ஓட்டினர். மேற்கூறிய சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தினரே அத்தகைய கலங்களைச் செய்தனர். இவையெல்லாம் அவ்வக்காலத்து நெருக்கடியின் அடையாளங்கள். சரித்திரம் பயில்வோருக்கு அந்தப் பெர்க்கின்ஸ் இயந்திரமும் ஒரு சாசனமே. சட்டம் அவ்வாறு கருதாது. 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை இயல்பை மாற்றும் கட்டமைப்பு மாறுதலையே மாறுதல் என்று பொருள் கூறி, புத்தகத்திலுள்ள விவரம் தயாரித்தோர் குறித்த விவரத்தினின்று வேறுபடுதல் ஆகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. எரிபொருளை மாற்றவும், அதே வகை இயந்திரத்தை மாற்றிப் பூட்டவும் அனுமதி பெறவேண்டும். டீசல் என்று முன்னரே புத்தகத்தில் பதிந்திருக்க, நாம் ஆதிப் பெட்ரோல் இயந்திரத்தைத் தேடிப் பூட்டினாலும், அது நல்லெண்ணத்தோடு செய்ததேயாயினும், அனுமதியில்லாவிடில் குற்றமே. முதலில் விண்ணப்பம், பிறகே கப்பிச் சங்கிலி.

ஆதி இயந்திரமே இருக்குமாயின் அதனைப் பழுதுபார்த்தல் மாறுதலாகாது. இவ்வகைச் செவர்லேயில் தண்டுகளின் தாங்கிகள் வெள்ளை உலோகம் வார்த்துக் கடையப்பட்டவை. எண்ணெயும் பெரும்பாலும் தெறிப்பினாலேயே அவற்றை அடைகிறது. இக்காலத்துச் செருகு தாங்கி கடையில் கிடைப்பதுபோல இது கிடைப்பதில்லை. வார்க்கவும் கடையவும் கைபழகிய லேத்துக்காரர் வேண்டும். அத்தகையோர் அருகி வருகின்றனர். இயந்திரத்தின் இவ்வியல்பை நோக்கி மணிக்கு 70 கிலோமீட்டருக்குமேல் ஓட்டாதிருப்பது நன்று.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். மற்றெதுவும் பிழைத்தால் வண்டி நின்றுபோகும்; இது பிழைத்தால் நில்லாது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தந்த அழுத்தம் எவ்விடத்தும் குறையாது பரவும் என்ற பாஸ்கலின் நியதியை நம் மாணவர் பௌதிக வகுப்பில் கற்றிருப்பர். 1950-ஆம் வருஷத்து லாரியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர். அந்த நியதி எவ்வளவு உண்மையோ, ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை என்பதும் அவ்வளவு உண்மை. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள நீரை உறிஞ்சும் தன்மையது. நெடுநாள் நின்ற வண்டியின் சிலிண்டர்கள் உள்ளே துருவேறிக் குழிவிழுந்திருக்கும். அவற்றை எறியவேண்டியதில்லை. துளையைக் கடைந்து, துருவேறாத எஃகு உறையை உட்செலுத்தி, ஆதி அளவிற்கே துளையிடலாம். வெளித்தோற்றம் சிறிதும் மாறாது. ரப்பர்க் குழாய்களை ஐயமின்றிப் புதியனவாக்குக. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அத்தூள் நுரையீரலுக்கு நஞ்சு. பட்டறைப் பையன்கள் காற்றுக்குழாயால் அதை ஊதித் துப்புரவாக்குவதைக் கண்டால் உடனே தடுக்கவேண்டும். ஈரத்துணியால் துடைப்பதே முறை.

முன்சக்கரத்தில் தட்டுப் பிரேக் பூட்டிவிடலாமே என்று நண்பர் சிலர் கூறுவர். சட்டம் அதைக் கேட்கவில்லை, வண்டியும் கேட்கவில்லை. ஆயினும் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறியிறங்கும் எண்ணமுடையவர் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி யோசிப்பதை நாம் குறைகூறோம். சேஸிஸில் புதுத்துளை இடாமல், பழைய ஆணித்துளைகளிலேயே பூட்டுமாறு ஓர் ஏந்து செய்து, கழற்றிய ஆதிச் சிலிண்டரைத் துணியில் சுற்றிப் பெயரெழுதிப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும். மீட்கக்கூடிய மாறுதலுக்கும் மீட்கவொண்ணா மாறுதலுக்கும் உள்ள வேற்றுமை, பெரும்பாலும் ஒரு துளையின் வேற்றுமையே.

விளக்குகளிலும் இதே முறை. ஆறு வோல்ட் விளக்கு மங்கல் என்று கூறி உடனே பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிவிடுகின்றனர். மங்கலுக்குக் காரணம் ஆறு வோல்ட்டன்று, கம்பி. 45 வாட் விளக்கு பன்னிரண்டு வோல்ட்டில் 3.75 ஆம்பியர் இழுக்கும். ஆறு வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். இருமடங்கு ஓட்டம் செல்லவேண்டிய இடத்தில், இக்காலக் கடையில் கிடைக்கும் மெல்லிய கம்பியை இட்டால் வழியிலேயே ஒரு வோல்ட் இழந்துபோகும். ஆறில் ஒன்று போனால் ஒளியிலும் ஆறில் ஒன்றே குறையும் என்று கணக்கிடல் தவறு. இழை சிறிது குளிர்ந்தாலும் ஒளி வெகுவாகக் குறைவதால் ஏறக்குறையப் பாதி வெளிச்சமே எஞ்சும். தடித்த கம்பியும், துருநீக்கிய எர்த் இணைப்பும், விளக்கருகே ஒரு ரிலேயும் வைத்தால் ஆதி ஆறு வோல்ட்டே போதுமானது. மற்றொன்று: அமெரிக்காவில் வண்டிகள் வலப்புறம் செல்வதால் அங்கிருந்து தருவித்த விளக்கின் தாழ்ந்த ஒளி வலப்பக்கம் சாயும், நம் நாட்டில் அது எதிரே வருவோரின் கண்ணில் பாயும். இவ்வகை லாரியின் முன்விளக்கு 7 அங்குல வட்டம். நம்மூர் ஜீப்பின் விளக்கும் அதே அளவே. இங்குச் செய்த கண்ணாடியைப் பொருத்துவது சட்டத்திற்கும் பொருந்தும், எதிரே வரும் மாட்டுவண்டிக்காரருக்கும் உபகாரமாகும். அதற்கு ஆறு வோல்ட் பல்பு மட்டும் தேடி வாங்கவேண்டும்.

பின்புறம் இரண்டாவது சிவப்பு விளக்கும், நாற்புறமும் திரும்பு விளக்குகளும் வேண்டும். திரும்பு விளக்கு விசைகள் அக்காலத்திலேயே தனிச் சாமானாக விற்கப்பட்டு ஸ்டியரிங் தண்டில் பட்டையால் இறுக்கப்பட்டன. ஆகவே அவ்வகையைப் பூட்டுதல் பழமைக்கு மாறன்று. மட்கார்டைத் துளைக்காமல் பம்பரின் ஆணியிலேயே விளக்கை ஏந்தச் செய்யலாம்.

கண்ணாடி நமக்கு அனுகூலமானது. வளைந்த முன்கண்ணாடி உடைந்தால் உலகமெங்கும் தேடவேண்டும். இவ்வகை லாரிக்கோ இரண்டும் தட்டைக் கண்ணாடி. இரு தகட்டிடையே படலம் வைத்து ஒட்டிய பத்திரக் கண்ணாடியை மதுரையிலேயே அளவிற்கு வெட்டிப் பெறலாம். டயரின் அளவு 6.00-16, இதுவும் ஜீப்புக்குரிய அளவாதலின் இந்தியாவில் இன்றும் கிடைக்கிறது. ஆனால் அதே எண்ணுடைய டிராக்டர் முன்டயரைக் கடைக்காரர் மலிவாகத் தருவதாகக் கூறினால் வாங்கற்க. அது வயலில் மெல்ல உருள்வதற்கே செய்யப்பட்டது.

புதிதாக வந்த தொல்லை ஒன்றுண்டு. 2023 முதல் பரவி 2025-க்குள் எங்கும் வந்துவிட்ட பெட்ரோலில் 100-க்கு 20 பங்கு எத்தனால் என்னும் சாராயம் கலந்திருக்கிறது. பழைய பெட்ரோல் பம்பின் ரப்பர்ப் படலத்தையும், கார்க் அட்டைகளையும் அது கெடுக்கும்; டாங்கியில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்துக் கார்புரேட்டரின் நுண்துளையில் அடைக்கும்; ஈரத்தையும் ஈர்க்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் அவற்றை மாற்றி, வடிகட்டி ஒன்றை வைத்து, நெடுநாள் ஓட்டாதபோது டாங்கியை வடித்துவிடுவதே வழி. இம்மாற்றங்கள் வெளியே தெரியா. புகைச் சோதனைக்குக் கார்புரேட்டரைத் திருத்தமாக வைத்தாலே பழைய இயந்திரம் பெரும்பாலும் தேறிவிடும்.

நிறத்தைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. புத்தகத்தில் குறித்த நிறத்தை மாற்றினால் அதையும் பதியவேண்டும் என்பதை மட்டும் நினைவிற்கொள்க. ஆனால் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய லாரிக் கதவில் உடைமையாளர் பெயரும் ஊரும் தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். அதன்மேல் பிந்திய வர்ணங்கள் பல பூசப்பட்டிருக்கும். பெயிண்ட் கரைக்கும் மருந்தைக் கொட்டிச் சுரண்டுவோர் ஒரு மணி நேரத்தில் அவ்வெழுத்தை இழந்துவிடுவர். நீர் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் ஒவ்வொரு படலமாகத் தேய்த்து வந்தால், பாட்டனார் காலத்து எழுத்து மெல்ல வெளிப்படும். கிடைத்ததும் படமெடுத்து, தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளவேண்டும்.

எப்.சி.க்குச் செல்லும் நாளில் சரக்கு வண்டிக்கு மஞ்சள் நிற எண்பலகை வேண்டும். ஒளி காட்டும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் வேண்டும். அப்பட்டைகளை உடலில் ஒட்டாமல், கழற்றக்கூடிய மரச்சட்டத்தில் ஒட்டி மாட்டலாம். வெறும் எடை, பாரத்துடன் எடை, எப்.சி. முடியும் தேதி ஆகியவற்றை வண்டியின் பக்கத்தில் எழுதுதலும் வழக்கம். இப்போது அதற்கு வெட்டிய ஸ்டிக்கர் எழுத்துக்கள் கடைகளில் கிடைக்கின்றன. தூரிகை பிடிக்கும் பெயிண்டர் ஒருவரை மதுரையில் தேடிப் பிடித்து, கதவில் வெளிப்பட்ட அந்தப் பழைய எழுத்தை அவரிடம் காட்டி, அதே வடிவில் இவ்வாண்டுத் தேதியை எழுதச் சொல்லவேண்டும். அடுத்த ஆண்டும் அவரிடமே போகவேண்டியிருக்கும்.